பழைய கம்ப்யூட்டரும் புதிய ஹார்ட் டிஸ்க்கும்

திருப்பூர், அவினாசி, பல்லடம் வட்டாரங்களிலுள்ள சங்கக் காரியாலயங்களுக்குச் செல்லும்பொழுது நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. மேசையின் ஓரத்தில் மஞ்சள் பூத்த ஒரு கம்ப்யூட்டர். அதனருகே இரைந்துகொண்டிருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அங்கத்தினரின் பங்குத் தொகை, சிக்கன நிதி, நூல் பற்று, கூலி வரவு, விவசாயியானால் பயிர்க்கடன் பாக்கி, எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் உழைத்த அந்த யந்திரத்தின் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் முனகத் தொடங்குகிறது. புதிய டிஸ்க் வாங்கிப் பொருத்துகிறார்கள். யந்திரமோ அப்படி ஒரு டிஸ்க் இருப்பதாகவே ஒப்புக்கொள்வதில்லை; அல்லது வாங்கிய அளவில் கால் பங்கை மட்டும் காட்டுகிறது. வந்து பார்ப்பவர் கூறும் யோசனை பெரும்பாலும் ஒன்றே: "இதைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக வாங்குங்கள்."

அந்த யோசனையை ஆராயாமல் ஏற்கலாகாது என்பது நமது அபிப்பிராயம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கம்ப்யூட்டர்மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மத்திய மந்திரி சபை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. விவசாய அன்பர்களுக்கு அது நன்மையே. ஆனால் அத்திட்டம் கடன் சங்கங்களுக்கானது. கைத்தறிச் சங்கம் ஒன்று புதிய யந்திரம் வாங்குமானால், அந்தப் பணம் நெசவாளியின் லாபப் பங்கிலிருந்து போவதாகும். ஆகவே, செலவு அவசியந்தானா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கோளாறு எங்கே இருக்கிறது? டிஸ்க்கிலும் இல்லை, யந்திரத்தின் வலுவிலும் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஜக்கார்டு தறி ஓட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 240 கொக்கிப் பெட்டியில் 400 கொக்கிக்கு எழுதிய டிசைனை ஏற்ற முடியுமா? தறி கெட்டுப் போனதென்று யாரும் சொல்வதில்லை. கொக்கி போதவில்லை என்றுதான் சொல்வோம். ஹார்ட் டிஸ்க்கும் டிசைன் தாளைப் போலக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்தில் 512 எழுத்து அடங்கும். ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எண் உண்டு. பழைய யந்திரத்திடம் அந்த எண்ணைச் சொல்வதற்கான இடம் குறைவாக இருக்கிறது. அதற்கு மேலுள்ள கட்டங்கள் அதன் பார்வையில் இல்லாதவையே.

முதல் எல்லை உண்டான வரலாறு சற்று வேடிக்கையானது. யந்திரத்தைத் துவக்கி வைக்கும் பயாஸ் என்னும் நிரல் 1,024 சிலிண்டர், 256 தலை, 63 பகுதி வரை எண்ணும். டிஸ்க்கைச் செய்தவர்களின் ஐடிஇ முறையோ 65,536 சிலிண்டர், 16 தலை, 255 பகுதி வரை இடமளித்தது. இரண்டும் தனித்தனியே தாராளமானவை. சேர்ந்தபொழுது ஒவ்வொன்றிலும் சிறிய எண்ணே செல்லுபடியாயிற்று. 1,024, 16, 63 என்னும் மூன்றையும் பெருக்கி 512-ஆல் பெருக்கினால் 52,84,82,304. சுமார் 528 எம்பி. அதற்கு மேல் எண்ண வழியில்லாமற் போயிற்று. இரண்டு இலாகாக்கள் தனித்தனியே படிவம் அச்சிட்டு, நடுவில் மனுதாரர் திண்டாடுவதை இது நமக்கு நினைவூட்டுகிறது.

பின்னர் 8.4 ஜிபி, சில யந்திரங்களில் 33.8 ஜிபி என எல்லைகள் வந்து வந்து தகர்ந்தன. நமது காரியாலயங்களில் இன்று குறுக்கிடுபவை அடுத்த இரண்டுதான். கட்ட எண்ணை 28 பிட்டில் எழுதிய யந்திரங்கள் 26,84,35,456 கட்டங்களோடு, அதாவது 137 ஜிபியோடு நின்றுவிடும். 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியும் முதலில் அப்படியே இருந்தது. 2002-இல் வந்த முதல் சர்வீஸ் பேக்குக்குப் பிறகே எல்லை விரிந்தது. மற்றொன்று 32 பிட் கணக்கு. பழைய முறையில் பகுதி பிரித்த டிஸ்க்கில் 2.2 டிபிக்கு மேல் எட்டாது. 3 டிபி டிஸ்க்கை வாங்கியவர் 746 ஜிபி மட்டும் தெரிவதாகப் புகார் செய்வதுண்டு. கடைக்காரர் ஏமாற்றினார் என்று எண்ண வேண்டாம். 2.2 டிபியைத் தாண்டியபின் எண்ணிக்கை மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியதால் மிஞ்சிய பகுதி மட்டும் காட்டப்படுகிறது.

இந்த "மறுபடியும் பூஜ்யம்" என்பதைத்தான் அங்கத்தினர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். டிஸ்க் தெரியாமற் போனால் நஷ்டம் இல்லை. தவறாகத் தெரிந்து, வேலையும் செய்வதே ஆபத்து. நாம் சில ஆண்டுகளுக்கு முன் கணக்குப் பார்த்துவந்த ஒரு சங்கத்தில், 250 ஜிபி டிஸ்க் ஒன்றைப் புதிய யந்திரத்தில் முழு அளவுக்குத் தயார் செய்து, பழைய யந்திரத்தில் மாட்டினோம். முழு அளவும் தெரிந்தது. நமது சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம். ஓராண்டுக்கு மேல் ஒரு குறையும் இல்லை. சேலை டிசைன்களின் படங்கள் சேரச் சேர டிஸ்க் நிரம்பி, எழுத்து 137 ஜிபியைத் தாண்டிற்று. பேரேட்டில் நான்கு இலக்கத்துக்கே கட்டம் இருந்தால் பதினாயிரமாவது அங்கத்தினரை 0000 என்று எழுத நேரும் அல்லவா? அவ்வாறே யந்திரம் புதிய படத்தை டிஸ்க்கின் முதல் கட்டங்களின்மேல் எழுதிவிட்டது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்னும் அட்டவணை இருப்பது அங்கேதான்.

அங்கத்தினரின் பாஸ் புத்தகங்களை வாங்கிச் சிக்கன நிதிக் கணக்கை மறுபடி எழுதி முடிக்க மூன்று மாதமாயிற்று. ஒரு மூதாட்டியின் புத்தகம் தறிக்குழி ஈரத்தில் நனைந்து எண்கள் மறைந்திருந்தன. அவர் வாய்ச்சொல்லை நிர்வாக சபை ஏற்றுக்கொண்டது. ஏற்காமலிருந்தால் அவர் எங்கே போய் முறையிட்டிருப்பார்? அந்தத் தவறு யந்திரத்தினுடையதன்று, நம்முடையது.

இனி, செய்யத்தக்கவை. டிஸ்க் தெரியவில்லை என்றவுடன் முதலில் உள்ளே இருக்கும் நாணய பாட்டரியைப் பாருங்கள். அது தீர்ந்தால் பயாஸ் தன் குறிப்புகளை மறந்துவிடும். சில சமயம் கோளாறு அவ்வளவோடு முடிந்துவிடும். அடுத்து, யந்திரத்தின் ஆண்டை விசாரித்து அதற்கேற்ற அளவை வாங்குங்கள். 137 ஜிபி எல்லையுள்ள யந்திரத்திற்கு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், ஐடிஇ இணைப்பாக இருந்தால் அதை சாட்டா ஆக்கும் சிறு இணைப்பியும் போதும். சங்கக் கணக்குக்கு அதுவே மிகை. பெரிய டிஸ்க்தான் வேண்டுமென்றால், சொந்தமாகப் பயாஸ் உள்ள பிசிஐ அட்டையைப் பொருத்தலாம். யுஎஸ்பி பெட்டியில் வைத்தும் உபயோகிக்கலாம். ஆனால் சில யுஎஸ்பி பெட்டிகள் கட்டத்தை 512-க்குப் பதில் 4,096 ஆக மாற்றிக் காட்டி எல்லையைத் தாண்டுகின்றன. அந்த டிஸ்க்கைக் கழற்றி நேரே மாட்டினால் படிக்க வராது. பெட்டியின்மேல் இதை எழுதி ஒட்டி வைப்பது நன்று. எம்முறையைக் கையாண்டாலும், எல்லையைத் தாண்டும் அளவுக்குப் பயனற்ற கோப்புகளை நிரப்பி, முதலில் எழுதியவை சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கணக்கை அதில் ஏற்ற வேண்டும். ஒரு நாள் வேலைதான்.

எக்காலத்துக்கும் பழைய யந்திரமே போதும் என்று நாம் வாதிக்கவில்லை. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு பொதுவாக நின்றன. அத்தகைய யந்திரத்தை இன்டர்நெட்டில் இணைத்து பாங்கிக் கணக்கைத் திறப்பது கதவில்லாத கிட்டங்கியில் நூலை அடுக்குவதற்கு ஒப்பாகும். கணக்கெழுதவும் அச்சடிக்கவும் மட்டும் அது இருக்கட்டும். வெளியுலகத் தொடர்புக்கு வேறொன்று வேண்டியதே.

புதிய யந்திரம் வாங்கும் தீர்மானம் நிர்வாக சபையின் முன் வரும்பொழுது, பழையதன் ஆண்டு என்ன, எந்த எல்லையில் நின்றது, அளவு குறைந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார்களா என்னும் மூன்றையும் காரியதரிசி எழுத்து மூலம் வைக்குமாறு அங்கத்தினர்கள் கேட்கலாம். அதோடு, ஆண்டுதோறும் மார்ச் 31-ஆம் தேதியின் சிக்கன நிதி இருப்பைக் காகிதத்தில் அச்சிட்டு, தலைவரும் காரியதரிசியும் கையெழுத்திட்டு, இரும்புப் பெட்டியில் வைக்கச் செய்ய வேண்டும்.