மலையில் பழைய மின்கார் வாங்குவோர் கவனத்திற்கு

பெட்ரோல் செலவைக் கணக்கிட்டுக் களைத்துப்போன குடும்பங்கள் பல இன்று மின்சாரக் கார்களைத் திரும்பிப் பார்க்கின்றன. புதிய வண்டியின் விலை எட்டாதபோது, இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிய பழைய வண்டியே போதும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பழனி மலைத்தொடரில் வாழ்வோரும், வத்தலக்குண்டிலிருந்தோ பழனியிலிருந்தோ கொடைக்கானலுக்கு அடிக்கடி ஏறி இறங்குவோரும் சமதளத்து ஊரார் போடும் கணக்கை அப்படியே பின்பற்றலாகாது. மலைக்குரிய கணக்கு வேறு.

இச்சிறு கார்களில் நடுத்தரக் குடும்பங்கள் பெரிதும் கருதுபவை இரண்டு. ஒன்று, 2022 செப்டம்பரில் அறிமுகமான டாடா டியாகோ இ.வி. மற்றொன்று, 2023 ஏப்ரலில் அறிமுகமான எம்.ஜி. காமெட். டியாகோவில் 19.2 யூனிட், 24 யூனிட் என இரு அளவுகளில் பேட்டரி உண்டு. காமெட்டின் பேட்டரி 17.3 யூனிட் கொள்ளும். அறிமுகத்தின்போது நிறுவனங்கள் அறிவித்த தூரம் டியாகோவுக்கு 250, 315 கிலோமீட்டர். காமெட்டுக்கு 230 கிலோமீட்டர். இவை சோதனைக்கூடத்து எண்கள். சமதளச் சாலையிலேயே இவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நிறைவு கொள்ளலாம்.

இனி மலைக்கு வருவோம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை வண்டி ஏறும் உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். ஆயிரம் கிலோ எடையை அவ்வளவு உயரத்திற்குத் தூக்குவதற்கு மட்டுமே ஐந்து யூனிட் மின்சாரம் தேவை. நால்வர் அமர்ந்த டியாகோ சுமார் 1,400 கிலோ. நால்வர் அமர்ந்த காமெட் சுமார் 1,100 கிலோ. எனவே முதலாவதற்கு ஏழு யூனிட்டும், இரண்டாவதற்கு ஐந்தரை யூனிட்டும் உயரத்திற்கே செலவாகிவிடும். சக்கரத்தின் உராய்வு, காற்றின் எதிர்ப்பு, மோட்டாரில் ஏற்படும் இழப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் டியாகோவுக்குப் பன்னிரண்டு யூனிட், காமெட்டுக்குப் பத்து யூனிட் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஆக, பேட்டரி புதிதாக இருந்தால் இரண்டுமே மலையேறிவிடும். சிக்கல் பழைய பேட்டரியில்தான் தொடங்குகிறது. கொள்ளளவில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று வையுங்கள். காமெட்டில் பதினான்கரை யூனிட்டே எஞ்சும். அதில் பத்தைச் செலவிட்டு மேலே வந்தால் கையிருப்பு நான்கரை. பெரிய டியாகோவிலோ இருபதில் பன்னிரண்டு போக எட்டு மிஞ்சும். கோடை விடுமுறையில் பெருமாள்மலையிலும் வெள்ளி நீர்வீழ்ச்சி அருகிலும் வாகனங்கள் தேங்கி நிற்கும் நாட்களில், மழையும் மூடுபனியும் சூழ்ந்து விளக்கும் துடைப்பானும் ஓயாமல் இயங்கும் பொழுதில், இந்த வேறுபாட்டின் அருமை விளங்கும்.

இறக்கத்தில் ஒரு நன்மை உண்டு. காலை எடுத்தவுடன் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்து, ஏறும்போது செலவான மின்சாரத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. பிரேக் கட்டைகளும் தேயாமல் காக்கப்படுகின்றன. ஆயினும் மலைமேல் முழுதும் சார்ஜ் செய்துகொண்டு இறங்கினால் இந்த நன்மை கிட்டாது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்ற இயலாதல்லவா? அப்போது வளைவுகளில் முழுப் பாரமும் பிரேக்கின் மீதே விழும். எனவே மலைமேல் குடியிருப்போர் கீழிறங்கும் நாளில் எண்பது விழுக்காட்டுடன் நிறுத்திக்கொள்வது நலம்.

சார்ஜ் செய்வதிலும் இரண்டும் வேறுபடுகின்றன. டியாகோவை விரைவு சார்ஜ் நிலையத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பத்திலிருந்து எண்பது விழுக்காட்டிற்கு ஏற்றலாம். காமெட்டில் அந்த வசதி இல்லை. தொடக்க கால வண்டிகள் முழுதும் ஏற ஏழு மணி நேரம் கொள்ளும். இரண்டையும் வீட்டில் சார்ஜ் செய்யலாம். ஆனால் பழைய மலை வீடுகளின் வயரிங்கையும் எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே இதில் இறங்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்ததை மலைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பேட்டரியை எப்போதும் பாதிக்கு மேல் வைத்திருங்கள்.

விலை பேசுமுன் கவனிக்க வேண்டியவை சில. பேட்டரியின் இன்றைய கொள்ளளவைக் காட்டும் அறிக்கையை, நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திலிருந்து எழுத்தில் கேளுங்கள். அறிமுகத்தின்போது பேட்டரிக்கு டியாகோ எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டரும், காமெட் எட்டு ஆண்டு அல்லது 1,20,000 கிலோமீட்டரும் உத்தரவாதம் அளித்தன. அது உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். 2024 செப்டம்பர் முதல் காமெட் பேட்டரியைத் தனியே வாடகைக்குத் தரும் திட்டமும் வந்தது. அத்தகைய வண்டியானால் நிதி நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தம் தொடரும். வட்டியை விட்டு விலகி நிற்க விரும்புவோர் அதை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். மலிவான விலையைக் கண்டு மயங்கிவிடக் கூடாது.

விற்பவருக்கும் ஒரு சொல். பொருளின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. பெட்ரோல் வண்டியின் புகையும் ஓசையும் குறையைக் காட்டிக் கொடுக்கும்; பேட்டரியின் தேய்வு கண்ணுக்கும் காதுக்கும் புலப்படாது. ஆகவே இங்கு விற்பவரின் நாவே சாட்சி. அதில் நேர்மை குன்றினால், ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு நடுமலையில் நின்றுவிடும்.

முடிவாக, எதை வாங்குவது? கொடைக்கானலிலேயே குடியிருந்து, பள்ளிக்கும் கடைவீதிக்கும் மட்டும் செல்லும் சிறு குடும்பத்திற்குக் காமெட் போதும். மூன்று மீட்டருக்கும் குறைவான நீளமுடையதாதலால் குறுகிய தெருவிலும் எளிதில் திரும்பும். ஆனால் கதவுகள் இரண்டே. மூட்டு வலியுள்ள உம்மாவைப் பின்னிருக்கையில் ஏற்றுவது கடினம். சாமான் வைக்க இடமும் அரிது. வாரந்தோறும் மலையேறி இறங்குவோர் 24 யூனிட் டியாகோவையே நாடட்டும். எதுவாயினும், முன்பணம் கொடுக்குமுன் குடும்பத்தோடு அமர்ந்து ஒரு முறை மலையேறிப் பாருங்கள். புறப்பட்டபோது இருந்த விழுக்காட்டையும், கொடைக்கானலை அடைந்தபோது எஞ்சிய விழுக்காட்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கேட்ட விலை தகுமா என்பதை அத்தாளே சொல்லிவிடும், இன்ஷா அல்லாஹ்.