வரிக்கு உரியவர், உதவிக்கு உரியரல்லரோ?

"பொது நிதியில் உரிமை இல்லை." பிரித்தானியாவில் தற்காலிக அனுமதியுடன் வாழும் பல இலட்சம் மக்கள்மீது விதிக்கப்பட்டுள்ள நிபந்தனை இது. மாணவராகவும், தொழிலாளராகவும், பிரித்தானியப் பிரசைகளை மணந்தவராகவும் அங்கு சென்றுள்ள நம்மவரும் இவர்களுள் அடங்குவர். 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இந்நிபந்தனைக்கு வலுவளிக்கின்றது. குறைந்த வருமானத்தினருக்குரிய உதவிப்பணம், வாடகை உதவி, பிள்ளைகளுக்கான உதவிப்பணம் யாவும் இவர்களுக்கு மறுக்கப்படுகின்றன.

வந்தவர் தம் காலில் நிற்றல் வேண்டும் என்று அந்நாட்டார் எதிர்பார்ப்பது தவறென நாம் கூறவில்லை. ஓராண்டு கற்றுத் திரும்பும் மாணவனுக்கு அவ்விதி பொருந்தலாம். ஆனால் தற்காலிகம் என்பதற்கு ஓர் எல்லை வேண்டாமா? 2012 ஜூலையில் வகுக்கப்பட்ட விதிகளின்படி, குடும்ப வாழ்வை ஆதாரமாகக்கொண்டு அனுமதி பெறுவோருட் பலர், இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறையாக நான்கு முறை அனுமதி பெற்று, பத்தாண்டு கழிந்த பின்னரே நிரந்தர வதிவிடம் கேட்கலாம். பிறந்த குழந்தை ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிடும். தாயோ இன்னும் தற்காலிகமானவளே! இதைத் தற்காலிகம் என்றழைப்பது தமிழுக்கும் பொருந்தாது, ஆங்கிலத்துக்கும் பொருந்தாது.

இவர்கள் இரந்துண்டு வாழ்பவரல்லர். உழைக்கின்றனர், வருமான வரியும் தேசியக் காப்புறுதிப் பணமும் செலுத்துகின்றனர். அத்துடன் சுகாதார மேல்வரி என்றொன்று 2015இல் ஆண்டுக்கு 200 பவுணாகத் தொடங்கி, 2024 பெப்ரவரியில் 1,035 பவுணாக உயர்ந்தது. இரண்டரை ஆண்டுக்கு அனுமதி கேட்கும் வளர்ந்தவர் ஒருவர் 2,587 பவுண் 50 பென்சை முற்பணமாகக் கட்டவேண்டும். விண்ணப்பக் கட்டணம் வேறு. வரி கொள்ளும்போது உள்ளூரவர், வேலை போனபின் வெளியூரவர் என்பது எந்நாட்டு நீதி?

2020இல் கொரோனா நோய் பரவியபோது இவ்வநீதி வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வாண்டு மே 27ஆந் திகதி, தமிழர் பலர் வாழும் ஈஸ்ற்ஹாம் தொகுதியின் பிரதிநிதி ஸ்டீவன் ரிம்ஸ், வருமானம் இழந்த தம் தொகுதிக் குடும்பமொன்றின் நிலையைப் பாராளுமன்றக் குழுவில் எடுத்துரைத்தார். பிரதம மந்திரி பொறிஸ் ஜோன்சனோ, அவர்களுக்கு ஏன் உதவிப்பணம் கிடையாதென வியப்புடன் வினவினார்! தமது அரசாங்கத்தின் சட்டத்தைப் பிரதம மந்திரியே அறியாதிருந்தார். அதே மாதம் உயர் நீதிமன்றம் எட்டு வயதுச் சிறுவனொருவனின் வழக்கில் தீர்ப்பளித்தது. பராமரிப்புத் தொழில் செய்த தாயுடன் வறுமையில் அலைந்து, பள்ளிகள் பல மாறியவன் அவன், பிரித்தானியப் பிரசையுங்கூட. கொடிய வறுமையில் விழுந்த பின்னரன்றி, விழப்போகும் நிலையிலேயே நிபந்தனை நீக்கப்படல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அதன்பின் சில கதவுகள் திறந்தன. இங்கிலாந்தில் இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 2020இல் தற்காலிகமாக அளிக்கப்பட்ட இலவசப் பாடசாலை உணவு, 2022இல் நிரந்தரமாக்கப்பட்டது. நிபந்தனையை நீக்குமாறு விண்ணப்பிக்கவும் வழியுண்டு. எனினும் தன் வறுமையை வங்கிக் கணக்கும் வாடகைச் சீட்டும் காட்டி நிரூபிக்க வேண்டியவன் ஏழையே. ஐந்தாண்டுப் பாதையிற் செல்லும் வாழ்க்கைத்துணை, உதவி கேட்டமையால் பத்தாண்டுப் பாதைக்குத் தள்ளப்படும் அபாயமும் உண்டு. ஆகவே கேட்க அஞ்சி, கடன்பட்டுக் காலங்கழிப்போரே அதிகம்.

1948ஆம் ஆண்டை நாம் மறக்க முடியாது. அவ்வாண்டிலேதான் பிரித்தானியா, பழைய வறியோர் சட்டத்தை ஒழித்துத் தேசிய உதவிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் பிரசாவுரிமைச் சட்டத்தை இயற்றி, இந்நாட்டின் செல்வத்தை ஈட்டித்தந்த மலையகத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. உழைப்பை ஏற்று உரிமையை மறுப்பதன் விளைவை அனுபவித்தறிந்தவர் நாம். அன்று நம் நாட்டில் கண்டித்ததை இன்று இலண்டனில் கண்டிக்கத் தயங்கோம்.

2025 மே மாதத்து வெள்ளை அறிக்கை, நிரந்தர வதிவிடத்துக்குரிய பொதுவான காலத்தை ஐந்திலிருந்து பத்தாண்டாக்க முன்மொழிந்தது. காத்திருக்கும் காலத்தை நீட்டுவோர், பிள்ளையுள்ள குடும்பங்களுக்கேனும் இந்நிபந்தனையை அறவே நீக்க வேண்டுமென நாம் வற்புறுத்துகின்றோம். அங்குள்ள நம்மவரும் இவற்றை அறிந்திருத்தல் நன்று: பிள்ளைகளின் பாடசாலைக் கல்வி பொது நிதியன்று, காப்புறுதிப் பணம் செலுத்தியதால் கிடைக்கும் உதவிகளும் அதிற் சேரா. வறுமையுற்ற பிள்ளைக்கு 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவின்கீழ் உள்ளூராட்சி மன்றத்திடம் உதவி கேட்கலாம். தடைசெய்யப்பட்ட உதவியை அறியாமற் பெற்றாலும் விசாவுக்கு ஊறு நேரலாம். ஆதலால் விண்ணப்பத்திற் கையொப்பமிடுமுன் தகுதிபெற்ற குடிவரவு ஆலோசகரை நாடுக.