கட்டளை இருக்கு, தூண்டில் இல்லை (இழை)

1/ மிஷனரி ஊழியம் பற்றி இங்கே அடிக்கடி ரெண்டு குரல் கேட்குது. ஒண்ணு: "இது வெள்ளைக்காரன் உண்டாக்கின வியாபாரம், பைபிளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை." இன்னொண்ணு: "போய் சீஷராக்கச் சொல்லியிருக்கு. ஆஸ்பத்திரிப் படுக்கையை விட நல்ல இடம் எது?" ரெண்டும் தப்பு. ரெண்டாவது, ஒரு மருத்துவரா என்னைக் கோபப்படுத்துது.

2/ முதல் தரப்புக்குச் சுருக்கமா: மத்தேயு 28-இன் கடைசி வசனங்களைப் படிங்க. எல்லா இனத்தாரிடமும் போகச் சொல்லும் கட்டளை அங்கேதான் இருக்கு. பவுல் கப்பலேறி ஊர் ஊரா அலைஞ்சது முதல் நூற்றாண்டில். கொலம்பஸ் அப்போ பிறக்கவே இல்லை.

3/ இனி ரெண்டாவது தரப்பு. அந்தக் கட்டளை அப்போஸ்தலரோடு முடிஞ்சுதுன்னு புராட்டஸ்டன்ட்களில் பலர் ரொம்ப காலம் நினைச்சாங்க. 1792-இல் வில்லியம் கேரி திருப்பிக் கேட்டார்: அப்படின்னா கூடவே சொன்ன ஞானஸ்நானமும் அவங்களோட முடிஞ்சிருக்கணுமே?

சரியான கேள்வி. அதையே நானும் கேட்கிறேன். அனுப்பின கட்டளை இன்னைக்கும் செல்லும்னா, அனுப்பும்போது போட்ட நிபந்தனைகளும் செல்லணும் இல்லையா?

4/ மத்தேயு 10. நோயாளிகளைக் குணமாக்கு, இலவசமாப் பெற்றதை இலவசமாக் கொடு. பிரசங்கமும் சிகிச்சையும் அங்கே சேர்ந்தேதான் வருது, மறுக்கலை. ஆனா ஒண்ணுக்கு இன்னொண்ணு விலை இல்லை. ஏத்துக்கலைன்னா? கால் தூசியை உதறிட்டுக் கிளம்பு. அந்த ஊருக்குக் கடுமையான எச்சரிக்கை உண்டு; தண்டிக்கும் வேலை சீடனுக்குக் கொடுக்கப்படலை.

5/ லூக்கா 17. பத்து குஷ்டரோகிகள் குணமானாங்க. நன்றி சொல்லத் திரும்பினவர் ஒரே ஒரு சமாரியர். மத்த ஒன்பது பேர் எங்கேன்னு இயேசு கேட்கிறார். ஆனா கொடுத்த குணத்தைத் திருப்பி வாங்கலை.

6/ லூக்கா 10, நல்ல சமாரியன். காயத்துக்கு எண்ணெய், திராட்சரசம், கட்டு, சத்திரத்தில் இடம், செலவுக்கு ரெண்டு வெள்ளிக்காசு. அடிபட்டவனிடம் அவர் மதம் பேசினதா ஒரு வார்த்தை கூட இல்லை.

7/ மத்தேயு 23:15-ஐப் பிரசங்கத்தில் அதிகம் கேட்டிருக்க மாட்டீங்க. ஒருத்தனை மதம் மாத்தக் கடலையும் தரையையும் சுத்தி வர்றவங்களை இயேசு அங்கே வெளுத்து வாங்குறார். ஆள் எண்ணிக்கை காட்டி நன்கொடை கேட்கிறவங்க அதை ஒருமுறை சத்தமா வாசிக்கட்டும்.

8/ இனி என் துறை. ராத்திரி ரெண்டு மணி, ஐசியூ வாசல். நான் நீட்டுற பேப்பரைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவங்க எத்தனையோ பேர். அந்த நேரத்தில் எதுக்கும் தலையாட்டுவாங்க. அதுக்குப் பேர் விசுவாசம் இல்லை, பயம். அந்தப் பயத்தை அறுவடை பண்றவர் எந்த மதமானாலும் சரி, நோயாளிக்குத் துரோகம் பண்றார்.

9/ 1847-இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீனை எடுத்துக்கங்க. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பிச்சார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். மிஷனரியாத்தான் வந்தார், அதை மறைக்கலை. ஆனா அந்த நூல்களைத் திறந்து படிக்க யாரும் ஞானஸ்நானம் வாங்க வேண்டியதில்லை.

10/ உங்க நம்பிக்கையைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. வேண்டாம்னு சொல்ல நோயாளிக்கும் உண்டு. அவர் வேண்டாம்னு சொன்ன பிறகும் அதே அக்கறையோட டிரிப் மாத்துறீங்களா? அப்போ நீங்க மத்தேயு 10-ஐப் படிச்சிருக்கீங்க.