மைக்ரோவேவ் மேல உங்களுக்கு என்னங்க கோவம்?

டிஸ்கி: நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை. யாராவது ஏஜென்ட் ஆக்கினா வேணாம்னு சொல்லவும் மாட்டேன் :)

எங்க மாகறல் பக்கம் சில வருஷமா கல்யாணச் சீர்ல ஒரு புது அயிட்டம் சேர்ந்திருக்கு. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங்மெஷின் வரிசையில மைக்ரோவேவ் அடுப்பு. மண்டபத்துல எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி வைப்பாங்க. வீட்டுக்கு வந்ததும் அதுக்கு ஒரு பூப்போட்ட துணி உறை, மேல ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. கதவைத் திறந்தா உள்ள பிஸ்கட் பாக்கெட்டும் ஈ.பி. கார்டும் இருக்கும். ஏன் யூஸ் பண்றதில்லைன்னு கேட்டுப் பாருங்க. புதுப்பொண்ணு வாயைத் திறக்குறதுக்குள்ள வீட்டுப் பெரியவர் ஒருத்தர் முந்திக்குவார்: "அதுல கதிர்வீச்சு வருதுப்பா. கேன்சர் வந்துடும்."

இந்த வசனத்தைத்தான் இன்னைக்குக் கொஞ்சம் பிரிச்சு மேயலாம்னு இருக்கேன்.

கதிர்வீச்சுங்கிற வார்த்தையே நம்மாளுங்களுக்குப் போதும். கல்பாக்கம் வேற பக்கத்து மாவட்டத்துல இருக்கு. ஆனா சூரிய வெளிச்சமும் கதிர்வீச்சுதான், எஃப்.எம். ரேடியோவும் கதிர்வீச்சுதான். இந்த அடுப்புல இருக்குற அலை 2450 மெகாஹெர்ட்ஸ். உங்க வைஃபையும் ப்ளூடூத்தும் அதே அக்கம்பக்கத்துலதான் குடியிருக்கு. சக்தியில மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஒத்துக்கறேன். அதனாலதான் இதை ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள அடைச்சிருக்காங்க. எக்ஸ்ரே மாதிரி அணுவுல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்குற வேலை இந்த அலையால ஆகாது. சாப்பாட்டுல இருக்குற தண்ணி மூலக்கூறை இப்படியும் அப்படியும் ஆட்டும். அந்த ஆட்டம்தான் சூடு. அலையோட நீளம் சுமார் 12 செ.மீ. கதவுக் கண்ணாடியில இருக்குற உலோக வலையோட ஓட்டை ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர். உள்ள எரியுற லைட் வெளிச்சம் வெளியே வரும், அலை வராது. கதவு வளைஞ்சோ சரியா மூடாமலோ இருந்தா மட்டும் தொடாதீங்க, ரிப்பேருக்குக் குடுங்க. மத்தபடி, லைட்டை அணைச்ச பிறகு ரூம்ல வெளிச்சம் மிச்சம் இருக்குமா? சோத்துலயும் அப்படித்தான், ஒண்ணும் ஒட்டிக்கிட்டு வராது.

அடுத்து வாட்ஸ்அப் பெரியப்பா வருவார். "1976-லயே ரஷ்யாவுல தடை பண்ணிட்டான் தெரியுமா?" அப்படி ஒரு தடைக்கான ஆதாரத்தை இதுவரைக்கும் யாரும் காட்டினதில்லை. 1980-கள்ல சோவியத் ஆலைகளே இந்த அடுப்பைத் தயாரிச்சு வித்தாங்க. இதைச் சொன்னா பெரியப்பா செல்போனைத் தலகாணிக்கு அடியில வெச்சுட்டுத் தூங்கப் போயிடுவார்.

சத்து செத்துப்போகும்னு இன்னொரு கோஷ்டி. காயை நிறைய தண்ணியில கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணியை வடிச்சுக் கொட்டுறோமே, வைட்டமின் சி போறதே அதோடதான். கொஞ்சூண்டு தண்ணியில அஞ்சு நிமிஷத்துல வெந்தா இழப்பு கம்மி.

இவங்க பயப்படாத அடுப்பு ஒண்ணு இருக்கு. விறகடுப்பு. வீட்டுக்குள்ள வர்ற சமையல் புகையால 2020-ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் செத்தாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. எங்க ஆயா நாப்பது வருஷம் ஊதாங்குழலோட உக்காந்து இருமின இருமலுக்கு யாரும் "கேன்சர் வரும், அடுப்பை மாத்து"ன்னு சொல்லலை. "விறகடுப்புல வெச்ச மீன் குழம்பு ருசியே தனி"ன்னுதான் சொன்னாங்க.

இந்த ருசிப் பேச்சு புதுசில்லை மக்களே. கோயமுத்தூர்ல சபாபதிங்கறவர் 1955-ல வெட் கிரைண்டர் செஞ்சார். அது வீட்டுக்கு வீடு வந்தப்போ ஆட்டுக்கல் மாவு மாதிரி இட்லி வரலைன்னாங்க. மிக்சி வந்தா அம்மிச் சட்னி மாதிரி இல்லை. குக்கர் வந்தா வடிச்ச சோறு மாதிரி இல்லை. 2011-ல தமிழக அரசு ரேஷன் கார்டுக்கு மிக்சி, கிரைண்டர், ஃபேன் இலவசமாக் குடுக்க ஆரம்பிச்சப்போ, பொம்பளைங்க சோம்பேறி ஆயிடுவாங்கன்னு டீக்கடையில உக்காந்து பேசினவங்க எத்தனை பேர்! ருசியைப் பத்திப் பேசின ஒருத்தர் கையிலயும் குழவி பிடிச்ச காய்ப்பு இருந்ததில்லை. 2021-ல வந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படத்துல மாமனார் இதே பாட்டைத்தான் ரொம்ப மரியாதையாப் பாடுவார். 2023-ல தமிழ்லயும் எடுத்தாங்க. பாத்துட்டு "கேரளாவுல ரொம்ப மோசம்ல"ன்னு ஒரு நண்பன் சொன்னான். அடப்பாவி.

ஆனா மிக்சி, கிரைண்டரை விட மைக்ரோவேவ் மேல வன்மம் கொஞ்சம் அதிகம். அதுக்கு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

மிக்சி அம்மாவோட வேலையைக் குறைக்குது, சரி. ஆனா வேலை அம்மாகிட்டயேதான் இருக்கு. மைக்ரோவேவ் அப்படி இல்லை. அது வேலையை இடம் மாத்துது. ராத்திரி பத்தரை மணிக்கு வீட்டுக்கு வர்ற ஆம்பளைக்கு, தூங்கிட்டு இருக்குற பொண்டாட்டியோ அம்மாவோ எழுந்து, கேஸைப் பத்தவெச்சு, குழம்பைக் கிளறி, தோசை ஊத்திப் போடணும். "எனக்கு அடுப்பு வேலை தெரியாது, அடி பிடிச்சுடும்." பரம்பரை பரம்பரையா ஓடுன சாக்கு. ஒரு கிண்ணம், ஒரு பட்டன், ரெண்டு நிமிஷம்னு ஆன பிறகு அந்தச் சாக்கு செல்லாது. செல்போன்ல ஆயிரம் பட்டன் அமுக்குறவருக்கு இது ஒண்ணு மட்டும் தெரியாதா? அதனாலதான் துணி உறை. கேன்சர் எல்லாம் சும்மா.

நம்ம மாவட்டத்துல இது சின்ன விஷயம் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட்டுக்குப் போற பொண்ணுங்க எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும். எட்டு மணி நேரம் நின்னுட்டு, பஸ்ல ரெண்டு மணி நேரம் ஆடிட்டு வந்து, எல்லாருக்கும் போட்டுட்டு, கடைசியா ஆறிப்போனதை நின்னுக்கிட்டே திங்கிறாங்க. 2019-ல தேசிய புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வே சொல்லுது: வீட்டு வேலை செய்யுறவங்கள்ல, பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். அந்த 97-ல நம்ம தெரு ஆளுங்க யாரும் இருப்பாங்கன்னு எனக்குத் தோணலை.

கரண்ட் பில்லு எகிறும்பாங்க. போட்டுப் பாப்போம். 20 லிட்டர் சாதா மைக்ரோவேவ் இழுக்குறது 1200 வாட்டுன்னு வெச்சுக்கங்க. மூணு நிமிஷம் ஓடினா 0.06 யூனிட். ஒரு நாளைக்கு மூணு தடவைன்னா ரெண்டு மாசத்துக்கு 11 யூனிட்கூட ஆகாது. சாயங்காலம் நாலு மணி நேரம் ஆள் இல்லாத ரூம்ல சுத்துற ஃபேனைக் கேளுங்க. உண்மையான பிரச்சினை வேற, எங்க ஊர்ல ராத்திரி வோல்டேஜ் இறங்கினா இதோட சூடும் இறங்கிடும், ரெண்டு நிமிஷ வேலைக்கு நாலு நிமிஷம் ஆகும். எர்த் சரியா இல்லாத பழைய வயரிங்ல மாட்டக்கூடாது.

அதுக்காக எல்லாத்தையும் அதுல செய்யுங்கன்னு நான் சொல்ல வரலை. தோசை வராது. தாளிக்க வேண்டாம். காஞ்சிபுரம் கோயில் இட்லி மந்தாரை இலையில, மூங்கில் குடலையில மணிக்கணக்கா வேகணும், அதை விட்ருங்க. மத்தியான சோத்தை ராத்திரி வரைக்கும் வெளியே வெச்சுட்டு மைக்ரோவேவ்ல சுட வெச்சா சரியாயிடும்னு நெனைக்காதீங்க. சோத்துல வளர்ற ஒருவகை பாக்டீரியாவோட விஷம் சூட்டுக்கு அழியாது. ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். (பழைய சோறு கதை வேற, சண்டைக்கு வராதீங்க.)

பி.கு: ஆண் சிங்கங்களுக்கு மட்டும். எவர்சில்வர் குண்டானை அப்படியே உள்ள தள்ளாதீங்க, பொறி பறக்கும். ஹோட்டல் பார்சல் பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம். பீங்கான் இல்லன்னா கண்ணாடிக் கிண்ணம். சோத்துல ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு, மேல தட்டு மூடி, ரெண்டு நிமிஷம். குழம்பை நடுவுல ஒரு தடவை நிறுத்திக் கிளறணும், இல்லன்னா ஓரம் கொதிக்கும், நடு ஜில்லுனு இருக்கும். தின்னுட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவுத்து வைங்க.