புது வண்டியின் குறை யார் தலையில்? கொடைக்கானல் மலைச்சாலையில் நின்றுபோன ஒரு கேரவன்

"ஹஜ்ரத், இந்த வண்டிய யாருக்காவது வித்துட்டா பாவமா?"

வத்தலக்குண்டு பக்கத்து இளைஞர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னிடம் கேட்ட கேள்வி இது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இரண்டு வாரண்டி புத்தகங்கள், ஏழெட்டு பில்கள், கசங்கிய சில ஜாப் கார்டுகள். சவூதியில் 14 வருடம் ஓட்டுநராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வட்டிக் கடன் வேண்டவே வேண்டாம் என்ற உறுதியில் சேமிப்பையும் மனைவியின் நகையையும் போட்டு ஒரு புது வேன் வாங்கினார். பிறகு அதை ஒரு பாடி கட்டும் பட்டறையில் கொடுத்து கேரவனாக மாற்றினார். படுக்கை, சிறிய சமையல் மேடை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, தனி பேட்டரி. எல்லாம் சேர்த்து 22 லட்சம் ரூபாய். குடும்பங்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போவது திட்டம். பெண்கள் கழிப்பறைக்கும் ஒளுவுக்கும் வழியில் அலைய வேண்டியதில்லை என்பதுதான் அவர் செய்த ஒரே விளம்பரம்.

முதல் கனமழையில் கூரை இணைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கியது. அடுத்த மாதம் படுக்கைக்குக் கீழே பிளைவுட் ஊதிவிட்டது. மூன்றாவது மாதம் பெருமாள்மலைக்கு ஏறும்போது கிளட்ச் கருகும் வாடை. டேஷ்போர்டில் என்ன செய்தாலும் அணையாத ஒரு மஞ்சள் விளக்கு. நான்காவது மாதம் வண்டி தார்ப்பாய்க்குள் போய்விட்டது.

கேரவன் என்றால் நமக்கு சினிமாக்காரர்கள் நினைவுதான் வரும். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வகை மேற்கு நாடுகளில் சாதாரணம். நம் மலைச்சாலைகளின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு அது ஒத்துவராது. கொடைக்கானல் சாலையில் 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள வாகனங்களுக்கே 2024 நவம்பரில் தடை வந்துவிட்டது. ஆகவே இங்கே கேரவன் என்றால் பெரும்பாலும் வேன் சேஸிஸ் மீது கட்டப்படுவதுதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். பாஸ் கிடைத்த நாளில் வண்டி ஓடினால்தான் வருமானம். அன்று அது பட்டறையில் நின்றால் அந்த நாள் திரும்பி வராது.

அந்தப் பையில் இருந்த காகிதங்களை நான் பொறுமையாகப் படித்தேன். (மதரஸாவில் ஷரஹு நூல்களின் ஓரக் குறிப்புகளைப் படித்துப் பழகியவனுக்கு வாரண்டி புத்தகத்தின் பொடி எழுத்து பயம் தராது.) வேன் விற்ற டீலர், "வெளியாள் வயரை வெட்டி இரண்டாவது பேட்டரி இணைத்திருக்கிறார், மின்சாரப் பகுதிக்கு வாரண்டி இல்லை" என்று எழுதியிருந்தார். கிளட்ச் பிளேட் தேய்மானப் பாகம், அதுவும் வாரண்டியில் சேராதாம். பட்டறைக்காரர், "மலைச்சாலைக் குலுக்கலில் இணைப்பு விட்டிருக்கும், அது ஓட்டிய விதம்" என்கிறார். குளிர்பெட்டிக்கும் இன்வெர்ட்டருக்கும் தனித்தனி கம்பெனி, தனித்தனி அட்டை. ஒரே வண்டிக்கு நான்கு வாரண்டிகள். நான்கும் அடுத்தவரைக் கைகாட்டுகின்றன.

சேஸிஸ் ஒருவரிடம், பாடி இன்னொருவரிடம் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பஸ்ஸுக்குக் கரூர், லாரிக்கு நாமக்கல் என்று ஒரு பெரிய தொழிலே அப்படித்தான் வளர்ந்தது. ஆனால் லாரி முதலாளிக்குப் பட்டறையோடு இருபது வருடப் பழக்கம் இருக்கும். கூரை ஒழுகினால் உரிமையோடு போய் நிற்பார். முதல்முறை வண்டி எடுக்கும் குடும்பத்துக்கு அந்தப் பழக்கமும் இல்லை, எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை. இவரிடம் பட்டறை கொடுத்தது ஒரு கொட்டேஷன் தாளும் "ஒரு வருஷம் பாத்துக்கலாம் பாய்" என்ற வாய்ச்சொல்லும்தான்.

டீலர் சொன்னதை முழுக்கத் தள்ளவும் முடியாது. 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. அதோடு படுக்கை, பேட்டரி, ஆறு பேர், அவர்களின் மூட்டை. அந்த எடையோடு முதல் கியரில் வளைவுக்கு வளைவு நின்று நின்று ஏறினால் எந்த கிளட்சும் கருகத்தான் செய்யும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொன்னது. கேரவனுக்கென்றே ஏஐஎஸ்-124 என்ற தர வரையறை இருக்கிறது. கட்டுபவரிடம் அதற்கான சான்று உண்டா என்று முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டும். இவர் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் கூரை ஒழுகுவதற்கும் 52ஆம் பிரிவுக்கும் சம்பந்தம் இல்லை. மலைக்குப் போவதற்காகவே கட்டச் சொன்ன வண்டி மலைமழையைத் தாங்க வேண்டும். வாங்குபவர் எந்தத் தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே (16ஆம் பிரிவு) இருக்கிறது. வாரண்டி புத்தகம் என்பது கம்பெனி தானாகத் தருவது. சட்டம் தரும் உரிமை அதற்கு வெளியிலும் உண்டு. நம் மக்கள் பெரும்பாலோர் புத்தகத்தில் இல்லை என்றதும் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

நம் ஃபிக்ஹு நூல்களில் இதற்கு 'கியாருல் ஐப்' என்று தனிப் பாடமே இருக்கிறது. வாங்கிய பொருளில் வாங்கும் முன்பே இருந்த குறை பிறகு தெரிந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை. பால் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, நிறையக் கறப்பதுபோல் காட்டி ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது நம்மில் பலர் கேட்ட ஹதீஸ். இதில் மத்ஹபுகள் வேறுபடும் இடங்கள் மதரஸா வகுப்புக்கு உரியவை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: குறை தெரிந்த பிறகும் அந்தப் பொருளைத் தன் சொந்தம்போல் பயன்படுத்திக்கொண்டே இருந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும். ஷாஃபிஈ நூல்களில் உடனே திருப்ப வேண்டும் என்று இன்னும் கடுமையாகவே இருக்கிறது. எங்கள் பகுதி ராவுத்தர் ஜமாஅத்துகள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் அந்த அவசரம் இல்லை. ஆனால் திருப்தியைக் காட்டும் பயன்பாடு உரிமையை நீக்கும். வாங்கியவர் கையில் புதிதாக இன்னொரு குறை ஏற்பட்டால் திருப்ப முடியாது, விலைக் குறைவை மட்டும் கேட்கலாம். 1930 சட்டத்தின் 42ஆம் பிரிவும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறது: நியாயமான காலம் கடந்தும் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள்.

நம் இளைஞர் என்ன செய்தார்? ஒழுகிய இடத்தில் தெரிந்த மெக்கானிக்கை வைத்து சிலிகான் பூசினார். மூன்று மாதம் ஓட்டினார். டீலரிடம் போனில்தான் பேசினார். அவர் மேல் இரக்கம் வருகிறது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கப்போவது இங்கேதான்.

இன்னொரு இடமும் இருக்கிறது. வளைகுடாவில் இருக்கும் நம் சகோதரர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நீங்கள் சட்டப்படி 'நுகர்வோர்' ஆக வேண்டும். வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் ஆக மாட்டார். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டை வரைந்தது. அந்த நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று தீர்ப்பாயிற்று. ஆனால் பிழைப்புக்காக ஆட்டோவோ லாரியோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. வாங்கி முழுக்க வேறொருவர் கையில் ஓட விட்டால் போய்விடும். 2019ஆம் ஆண்டுச் சட்டமும் சுயதொழில், பிழைப்பு என்ற இந்த விலக்கை வைத்திருக்கிறது. இவர் மச்சானைத் துணைக்கு வைத்துத் தானே ஓட்டுகிறார், தப்பினார். தம்மாமில் இருந்துகொண்டு ஊரில் டிரைவர் போட்டு வேன் ஓட்டும் குடும்பத்துக்கு இந்தக் கதவு திறப்பது கடினம். அவர்கள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே செலவும் காலமும் வேறு.

வழக்கு போட்டால் புது வண்டி கிடைத்துவிடும் என்ற நினைப்பும் வேண்டாம். சுஷீல் குமார் காப்கோத்ரா வழக்கில் பிரச்சினையே கிளட்ச்தான். குறையுள்ள பாகத்தை மாற்றிக் கொடுக்கவே வாரண்டி கட்டுப்படுத்துகிறது, முழு வண்டியை மாற்ற அல்ல என்று 2006இல் மாருதிக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுபக்கம், 2022 ஏப்ரலில் ஹூண்டாய் கிரெட்டா வழக்கு. 2015இல் வாங்கிய கார், 2017 விபத்தில் ஏர்பேக் விரியவில்லை. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட வாங்குபவர் இயற்பியல் நிபுணரா என்று கேட்டு, வண்டியை மாற்றிக் கொடுக்கும் உத்தரவை நீதிமன்றம் உறுதி செய்தது. உயிர் காக்கும் பாகத்தில் குறை தானே கண்ணுக்குத் தெரிந்தால் ஒரு நியாயம். பட்டறையில் சரிசெய்யக்கூடிய குறைக்கு வேறு நியாயம். பெரும்பாலான வழக்குகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழுகின்றன. அங்கே நிபுணர் அறிக்கை இல்லாமல் வெல்வது சிரமம்.

பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். பழுதுநீக்கமோ மாற்றுப் பொருளோ கேட்கும்போது, முதல் ஆறு மாதத்தில் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. அமெரிக்க மாநிலங்களில் 'லெமன்' சட்டங்கள் உண்டு. ஆனால் சில மாநிலங்களில் கேரவனின் வசிக்கும் பகுதி அதில் சேராது. கூரையும் குழாயும் அங்கேயும் அநாதைதான். நம் நாட்டில் புது வண்டிக்கென்று அப்படிப்பட்ட சட்டமே இல்லை. 2021 ஏப்ரல் முதல், பாதுகாப்புக் குறையுள்ள ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லவும், 10 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம் போடவும் அரசுக்கு அதிகாரம் வந்தது. அது ஒரே மாடலில் பலர் புகார் செய்தால் நகரும் இயந்திரம். பட்டறையில் ஒன்றே ஒன்றாகக் கட்டிய வண்டிக்கு யார் கூட்டாகப் புகார் செய்வது?

ஆகவே காகிதம்தான் கை கொடுக்கும். டெலிவரியைப் பகலில் எடுங்கள். இருட்டிய பிறகு மாலை போட்டுப் படம் எடுக்க அவசரப்படுத்தினால் மறுநாள் வருகிறோம் என்று சொல்லுங்கள். கூரைமேல் அரை மணி நேரம் ஹோஸில் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். தொட்டியை நிரப்பி எடை மேடையில் ஏற்றி, அந்தச் சீட்டை ஆர்.சி.யில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள். முதல் வாரத்திலேயே காமக்காபட்டி சோதனைச்சாவடி தாண்டி ஒருமுறை முழுப் பாரத்தோடு ஏறி இறங்குங்கள். குறை தெரிந்தால் ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே, தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதச் சொல்லுங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அன்றே ஒரு மெயிலும், டெலிவரிச் சான்றோடு ஒரு ஸ்பீட் போஸ்டும்.

நுகர்வோர் ஆணையம் ஏழைக்கு எட்டாத இடமல்ல. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வண்டி சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். காலக்கெடு இரண்டு வருடம். பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறை அப்படி இல்லை என்பது கோர்ட் வாசல் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. வேன் விற்றவர், பட்டறை, பாகம் செய்தவர் எல்லாரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது முக்கியம். ஒருவரை விட்டால் மற்றவர்கள் அவரைக் காட்டுவார்கள்.

இனி அவர் கேட்ட கேள்வி. தேனியிலிருந்து ஒருவர் 15 லட்சத்துக்குக் கேட்டிருக்கிறார். உள்ளே புது பெயிண்ட் அடித்து, ஊதிய பிளைவுட் மேல் விரிப்புப் போட்டால் வெளியே தெரியாது என்று புரோக்கர் சொல்லியிருக்கிறார். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட சம்பவத்தை நான் அவருக்கு நினைவூட்டினேன். விற்றவர் அன்று சொன்ன காரணமும் மழைதான். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே நபிகளாரின் கேள்வி. விற்பது பாவமில்லை தம்பி, மறைப்பதுதான் பாவம் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நகையைக் கொடுத்த மனைவியின் முகத்தை நினைத்திருப்பார். அந்த இடத்தில் மார்க்கம் சொல்வது எளிது, கேட்பது கடினம் என்பது எனக்கும் தெரியும்.

மறு வாரம் வந்தார். தேனிக்காரரிடம் கூரையையும் கிளட்சையும் சொல்லிவிட்டாராம். அவர் 11 லட்சம் என்று இறங்கினார்; இவர் கொடுக்கவில்லை. திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டாயிற்று, மூன்று எதிர்மனுதாரர்கள். பட்டறைக்காரர் நோட்டீஸ் கிடைத்ததும் கூரையை மட்டும் இலவசமாகப் பிரித்துக் கட்டித் தருவதாக ஆள் அனுப்பியிருக்கிறார். அதை ஆணையத்தின் முன் எழுத்தில் தரச் சொல்லுங்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதுவரை வண்டி தார்ப்பாய்க்குள்தான். இவர் இப்போது ஊர்க்காரர் ஒருவரின் பள்ளி வேனை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.