பங்கு எவருக்கு?

திருவல்லிக்கேணியிலே மாலை வேளை. மேன்ஷன் அறைகளிலே குடியிருக்கும் இளைஞர்கள் வேலை முடித்துத் திரும்புகிறார்கள். ஒருவன் கையிலே சாம்சங். இன்னொருவன் கையிலே விவோ. மூன்றாமவன் கையிலே ஐபோன் — தவணை இன்னும் தீரவில்லை! எது சிறந்தது என்று தேநீர்க் கடையிலே வாதம் மூள்கிறது. தேநீர் ஆறுகிறது, வாதம் ஆறவில்லை!

"இந்தக் காலாண்டிலே சந்தையில் முதலிடம் இன்னாருக்கு, இத்தனை விழுக்காடு பங்கு" என்று ஏடுகள் முரசறைகின்றன. இன்று ஒருவருக்கு முடிசூட்டு விழா. நாளை அதே முடி வேறொருவர் தலையிலே! நாமும் கண்டு களிக்கிறோம், நம் காசிலே!

முடி உருண்டால் என்னாகும் என்பதைத் தமிழகம் கண்ணாரக் கண்டிருக்கிறது. 2006-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரிலே நோக்கியா ஆலை எழுந்தது. உலகக் கைபேசிச் சந்தையையே அந்நாளில் ஆண்ட நிறுவனம் அது. சிற்றூர்களிலிருந்து, பள்ளிப் படிப்பை முடித்த கையோடு பெண்கள் வந்தனர். வீட்டுக்குப் பணம் போயிற்று, கடன் குறைந்தது, தம்பி, தங்கை படித்தனர்.

2007-இல் ஐபோன் வந்தது. 2008-இல் ஆண்ட்ராய்டுக் கைபேசி வந்தது. நேற்றைய வெற்றியிலே கண்ணயர்ந்த பேரரசு, விழித்தபோது பொழுது போயிருந்தது! 2012-இல் சாம்சங் முந்திற்று. 2013-இல் கைபேசித் தொழிலையே மைக்ரோசாப்டுக்கு விற்பதென நோக்கியா முடிவு செய்தது. வரி வழக்கிலே சிக்கிய நம் ஊர் ஆலை அந்த விற்பனையிலே சேரவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் நாள் அங்கே உற்பத்தி நின்றது.

கணக்குத் தப்பியது பின்லாந்திலே. கஞ்சி பறிபோனது காஞ்சி மாவட்டத்திலே! வரி கேட்பது அரசின் உரிமை. வழக்காடுவது நிறுவனத்தின் உரிமை. இரண்டு உரிமைகளும் மோதிய இடத்திலே நசுங்கியவள் யார்? இரண்டிலும் பங்கில்லாத பாட்டாளிப் பெண்!

பத்தாண்டு உருண்டோடிவிட்டது. மூடிக்கிடந்த அதே ஆலையிலே சால்காம்ப் நிறுவனம் வந்து மின்னூட்டிகள் செய்யத் தொடங்கிற்று. அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலே பாக்ஸ்கான் ஐபோன்களைக் கோர்க்கிறது. 2024-25-இல் தமிழகத்தின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலர். இந்திய மாநிலங்களில் முதலிடம்! வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பு 2024-இல் திறக்கப்பட்டது. மகிழ்கிறோம். மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆயினும், மகிழ்ச்சி மயக்கமாகிவிடலாகாது! 2021 டிசம்பரிலே நடந்ததை மறப்பதா? விடுதி உணவால் நோயுற்ற தோழியருக்காகப் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை—பெங்களூர் நெடுஞ்சாலையிலே அமர்ந்தார்கள். அதற்குப் பிறகுதான், அவர்களுடைய தங்குமிடங்கள் சிலவும் உணவுக்கூடங்களும் தன் விதிக்கு ஒத்தவையல்ல என்பதை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. உலகம் வியக்கும் கருவியைச் செய்த கைகள், நல்ல சோறு கேட்டுச் சாலைக்கு வர நேர்ந்ததே!

வாங்குவோர் நிலை மட்டும் வாழ்கிறதா? கடையிலே பெயர்கள் பல. உள்ளே இயக்கும் மென்பொருளோ பெரும்பாலும் இரண்டே — ஒன்று கூகுளின் ஆண்ட்ராய்டு, மற்றொன்று ஆப்பிளுடையது. ஆண்ட்ராய்டிலே தன் மேலாதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று 2022-இல் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு விதித்த தண்டம் 1,337 கோடி ரூபாய்! பலர் ஓடும் பந்தயம் என்கிறார்கள். பாதை போட்டவர் இருவர்தாம்.

எனவே நாம் கேட்பது இது: பிறர் வகுத்ததைப் பூட்டித் தரும் கூலியோடு நிற்கலாகாது, உள்ளே இருக்கும் உறுப்புகளும், அவற்றை வகுக்கும் அறிவும் இங்கே வளர வேண்டும். உதிரிப் பாகங்களுக்கெனத் தமிழக அரசு 2025 ஏப்ரலிலே தொடங்கிய திட்டம் அந்தத் திசையில் ஓர் அடி. அடுத்த அடி, தொழிலாளருக்கு. நிலமும் மின்சாரமும் சலுகையும் பேசி ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே, ஆலை மூடினால் அவர்களுக்கு என்ன என்பதும் அதே தாளிலே எழுதப்பட வேண்டும். சங்கம் வைக்கும் உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. ஆலை வாயிலிலே அது தடுக்கப்படக் கூடாது.

இதே திருவல்லிக்கேணியிலே, 1904-ஆம் ஆண்டு, நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கடைக்காரர் சொன்னதே விலை என்றிருந்த நாளிலே, வாங்குவோர் ஒன்றுகூடிப் பங்கு போட்டுத் தமக்கெனக் கடை வைத்தார்கள். பங்கு என்ற சொல்லுக்கு இந்தப் பேட்டை அன்றே பொருள் சொல்லிவிட்டது.

சாம்சங்குக்கு எத்தனை, ஆப்பிளுக்கு எத்தனை, விவோவுக்கு எத்தனை — விழுக்காட்டுக் கணக்கு வரட்டும், படிப்போம். படித்து முடித்ததும் ஒன்று கேட்போம்: செய்தவளுக்கு எத்தனை?