அடைப்புக்குறி செய்யும் வேலை

பெர்மாஸ் ஜெயாவில் ஆலயத் திருவிழாக் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "அக்கா, எங்கள் தொலைபேசிப் பட்டியலில் வீட்டு எண்களெல்லாம் (07) என்று தொடங்குகின்றன. சிங்கப்பூரில் வேலை செய்பவர்களும் நேராக அழைக்க வசதியாக +607 என்று மாற்ற வேண்டும். ஒரே கட்டளை போதுமாமே?"

போதும்தான். ஆனால், பட்டியலைக் கெடுக்கவும் அந்த ஒரே கட்டளை போதும். சிக்கல் அந்த இரண்டு அடைப்புக்குறிகளில் இருக்கிறது.

லினக்ஸ், மேக் கணினிகளில் 'செட்' என்றொரு கருவி உண்டு. 1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கோப்பை வரி வரியாகப் படித்து, ஒன்றைத் தேடி இன்னொன்றாக மாற்றும். நாம் தேடச் சொல்வதில் சில குறிகள் எழுத்தாக நிற்காமல் உத்தரவாகிவிடும். புள்ளி வைத்தால் 'எந்த எழுத்தானாலும் சரி' என்று பொருள். அடைப்புக்குறி போட்டால் 'உள்ளே இருப்பதை ஒரு தொகுதியாக எடுத்துக்கொள்' என்று பொருள்.

அதனால் (07) என்று தேடச் சொன்னால் கருவி வெறும் 07-ஐத் தேடும். வரியில் உள்ள அனைத்தையும் மாற்றச் சொல்லியிருந்தால், (07) 000 0712 என்பது (+607) 000 +60712 ஆகிவிடும். நடுவில் 07 வரும் கைப்பேசி எண்களும் தப்பாது. பிழைச் செய்தி எதுவும் வராது. அன்னதானத்திற்கு அழைக்க வேண்டிய பாட்டிக்கு அழைப்பு போகாதபோதுதான் விஷயம் தெரியவரும்.

இதற்கு மருந்து பின்சாய்கோடு. \(07\) என்று எழுதினால், 'இது உத்தரவு அல்ல, வெறும் எழுத்து' என்று கருவி புரிந்துகொள்ளும். நோட்பேட் பிளஸ் பிளஸ், விஎஸ் கோட் இரண்டிலும் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' தேர்வைப் போட்டால் இதே விதிதான்.

செட்டில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. அதன் பழைய வழக்கம் நேர் எதிரானது: வெறும் அடைப்புக்குறி எழுத்து, பின்சாய்கோடு சேர்ந்தால் உத்தரவு. கழித்தல் குறியோடு பெரிய எழுத்து 'இ' சேர்த்துக் கட்டளையிட்டால்தான் மேலே சொன்ன விதி வரும். பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாதே என்று இரண்டு வழக்கங்களையும் வைத்திருக்கிறார்கள். 1992இல் வந்த போசிக்ஸ் தரநிலையும் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. ஒரு கட்டுரையில் பார்த்த கட்டளை உங்கள் கணினியில் வேறு மாதிரி நடந்துகொள்வது இதனால்தான்.

எந்த வழக்கம் என்று நினைவில்லையா? [(]07[)] என்று எழுதுங்கள். சதுர அடைப்புக்குள் வந்துவிட்டால் வளைந்த அடைப்புக்குறி இரண்டு வழக்கங்களிலும் வெறும் எழுத்துதான். நான் தம்பிக்குச் சொன்னதும் இதையே.

இன்னும் இரண்டு. தேடல் கட்டளை முழுவதையும் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் செட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே கட்டளைத் திரை அடைப்புக்குறியைத் தன் உத்தரவாக எடுத்துக்கொண்டு தகராறு செய்யும். அடுத்து, மூலக் கோப்பின் மேலேயே மாற்றாதீர்கள். விளைவைப் புதிய கோப்பில் எழுதச் சொல்லி, பத்து எண்களையாவது பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். அதைச் செய்த பிறகு பட்டியலைப் புலனக் குழுவில் பகிரலாம்.